மேலதிகாரியின் தவறைச் சொன்ன காவலரை யார் காப்பது?

காவல் நிலையத்தில் ஒருவரை அடித்தால் அதை முதலில் பார்ப்பவர் இன்னொரு காவலர்தான். வாசலில் பாரா நிற்பவர், உள்ளே வழக்கு எழுதும் ரைட்டர், அடிபட்டவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த பெண் காவலர். மணல் லாரியை விடச் சொல்லி மேலிருந்து போன் வந்தால் அதைக் காதில் வாங்குபவரும் இரவுப் பணியில் இருக்கும் சோதனைச் சாவடிக் காவலர்தான். காவல்துறையின் தவறுகளுக்குக் காவல்துறைக்குள்ளேயே சாட்சிகள் இருக்கிறார்கள். பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்தே அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

பேசியவருக்கு என்ன நேர்கிறது, சட்டம் அவருக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை எளிமையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாசகர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்களின் வீடுகளிலிருந்தே காக்கிச் சட்டை போட்டவர்களும் வருகிறார்கள். இது அவர்களின் வீட்டு விஷயம்.

2015 ஜூனில் இந்த ஊர்கள் ஒரு பாடம் படித்தன. ஒரு பெண் காணாமல் போன வழக்கில் ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். வெளியே வந்தவரின் உடல்நிலை மோசமாகி, ஜூன் 26 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததுதான் காரணம் என்றது குடும்பம். மறுநாள் இரவு ஆம்பூரில் கலவரம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. பெண் காவலர்கள் உட்படப் பலர் கல்லடி பட்டார்கள். ஆய்வாளரின் பணியிடை நீக்கமும் சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் அடுத்தடுத்து வந்தன. அந்த நிலையத்தின் சுவர்களுக்குள் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது அன்று அங்கே பணியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் உடனே ஒரு நீதித்துறை நடுவரிடம் போய்ப் பேச வழியும், பேசிய பிறகு வேலை மிஞ்சும் என்ற நம்பிக்கையும் இருந்திருந்தால் ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன். உண்மை சொல்லும் காவலருக்குத் தரும் பாதுகாப்பு, தெருவில் நிற்கும் மற்ற காவலர்களுக்கும் பாதுகாப்பு.

இந்த வட்டாரத்தில் தவறு மேலிருந்தும் வந்திருக்கிறது. 2015-ல் வேலூர் மதுவிலக்குப் பிரிவில் இருந்த ஒரு டி.எஸ்.பி.யே செம்மரக் கடத்தல் வழக்கில் கைதானார். 2021 ஜூனில் வேலூர் அருகே மலைக்குச் சாராய வேட்டைக்குப் போன ஒரு எஸ்.ஐ.யும் காவலர்களும், சாராயம் விற்பவரின் வீட்டில் பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்ட புகாரில் கைதானார்கள். முதலாவது ஒரு கொலை வழக்கைத் தோண்டியபோது வெளிப்பட்டது. இரண்டாவதை மலைக் கிராமத்து மக்கள் மறித்துப் பிடித்து வெளிக்கொண்டு வந்தார்கள். இரண்டிலும் உண்மை வெளியிலிருந்தே வந்தது. டி.எஸ்.பி.யே கடத்தல்காரரோடு இருக்கிறார் என்று அவரிடம் வேலை பார்க்கும் ஏட்டுக்குத் தெரிந்தால், அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

பழிவாங்கல் எப்போதும் வேறு பெயரில்தான் வரும். முதலில் இடமாற்றம். ஆணையில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று இருக்கும். ஆம்பூரில் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, ஆயுதப்படைக்கோ வேறு மாவட்டத்துக்கோ போட்டுவிடுவார்கள். அடுத்து மெமோ. ரோல் காலுக்கு ஐந்து நிமிடம் தாமதம், தொப்பி அணியவில்லை, நாட்குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனது என்று மற்றவர்களுக்கு மன்னிக்கப்படும் எல்லாம் இவருக்கு மட்டும் எழுத்தில் வரும். மெமோக்கள் சேர்ந்ததும் பி.ஆர். போடுவார்கள், அதாவது துறை ரீதியான குற்றச்சாட்டு. ஆய்வாளர் வரைக்குமான காவலர்களுக்கு இது 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கும். சிறு தண்டனைக்கு 3(அ), பெருந்தண்டனைக்கு 3(ஆ). ஊதிய உயர்வை நிறுத்துவதிலிருந்து பணிநீக்கம் வரைக்கும் இந்த விதிகளில் இடமுண்டு. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். உடன் பயிற்சி பெற்றவர்கள் எஸ்.ஐ. ஆகியிருப்பார்கள், இவர் ஏட்டாகவே நிற்பார்.

பணியிடை நீக்கம் இன்னும் கொடியது. அதற்குத் தண்டனை என்று பெயர் இல்லை. ஆனால் சம்பளம் பாதியாகப் பிழைப்பூதியம் ஆகிறது, வீட்டுக் கடன் தவணை மட்டும் முழுசாக நிற்கிறது. இவற்றோடு கோப்பில் வராத பழிவாங்கல்களும் உண்டு. விடுப்புக் கேட்டால் மறுப்பார்கள். தொடர்ச்சியாக இரவுப் பணி போடுவார்கள். சக காவலர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ‘இவன் போட்டுக் கொடுப்பவன்’ என்ற பெயர் இவர் போகிற நிலையத்துக்கெல்லாம் இவருக்கு முன்னே போய்ச் சேரும். தண்டனைகளில் இதுவே வலிமையானது என்பது என் எண்ணம், ஏனென்றால் இதற்கு மேல்முறையீடு கிடையாது.

தமிழ்நாட்டில் உண்மை பேசிய காவலர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் சாத்தான்குளத்துத் தலைமைக் காவலர் ரேவதி. 2020 ஜூன் 19 மாலை ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு மீறல் என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பின், 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தார்கள். கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் விசாரிக்க நிலையத்துக்கே போனார். போன நடுவரையே அங்கிருந்த காவலர் ஒருவர் இழிவாகப் பேசினார். கேட்ட ஆவணங்களைத் தர இழுத்தடித்தார்கள். சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன.

அந்த நிலையத்தின் நடுவில் உட்கார்ந்துதான் ரேவதி வாக்குமூலம் தந்தார். இரவு முழுக்க அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருக்கிறது, அழிப்பதற்குள் கைப்பற்றுங்கள் என்றார். வெளியே சக காவலர்கள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததையும், அவர் பயந்து நடுங்கியதையும், கையெழுத்திடத் தயங்கியதையும் நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். பாதுகாப்புக்கு உறுதி சொன்ன பிறகே அவர் கையெழுத்திட்டார். பிறகு உயர்நீதிமன்றம் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்கச் செய்தது. சம்பளத்தோடு விடுப்பும் தரப்பட்டது. காவல் நிலையமே சில காலம் வருவாய்த் துறையினர் கட்டுப்பாட்டுக்குப் போனது. பின்னர் சி.பி.ஐ. விசாரித்து ஒன்பது காவல்துறையினர் மீது மதுரையில் வழக்கை நடத்தியது.

இதில் ரேவதியின் துணிச்சலோடு இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதைக் கேட்டவர் காவல் அதிகாரி அல்லர். துறைக்கு வெளியே இருந்து வந்த நடுவர். அவருக்கு மேலே இரண்டு உயர்நீதிமன்ற நீதிபதிகள் நாள்தோறும் கண் வைத்திருந்தார்கள். அதே சொற்களை அவர் தன் டி.எஸ்.பி.யிடம் மனுவாகக் கொடுத்திருந்தால் லத்திகள் அன்று மாலையே காணாமல் போயிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

பதவி உயரமாக இருந்தாலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் தரச் சென்னைக்குக் காரில் போனார். செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸ் படையோடு வழிமறித்தார்கள். கார் சாவியைப் பிடுங்கினார்கள். ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரே புகார் மனுவோடு தலைநகரத்துக்குப் போக முடியாத நிலை. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைக் கண்காணித்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமை நீதித்துறை நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அவரை வழிமறித்த இன்னொரு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட அமர்வு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கு அதற்கும் மேலே உள்ள நீதிமன்றங்களுக்குப் போனது. புகார் தரவிடாமல் தடுத்ததற்கு 500 ரூபாய் போதுமா என்ற கேள்வி மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

நீதிமன்றம் நுழையாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மயிலாடுதுறையைப் பார்க்கலாம். அங்கே மதுவிலக்கு டி.எஸ்.பி.யாக இருந்த சுந்தரேசன், 2025 ஜூலையில் தன் அரசு வாகனத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி, சீருடையில் அலுவலகத்துக்கு நடந்தே போனார். நேர்மையாக வேலை செய்ததற்காக மேலதிகாரிகள் தொல்லை தருகிறார்கள் என்று செய்தியாளர்களிடம் பேசினார். மாவட்டக் காவல்துறை மறுத்தது. சில நாட்களில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சிக்கிக்கொண்ட இடம் எல்லாக் காவலரும் சிக்கக்கூடிய இடம். அனுமதியில்லாமல் பத்திரிகையிடம் பேசுவது நடத்தை விதிப்படி தவறு. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் சங்கம் சேர்வதற்கும் பத்திரிகைக்குச் செய்தி தருவதற்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. உள்ளடக்கம் உண்மையாகவே இருந்தாலும், பேசிய விதத்துக்காகத் தண்டிக்கலாம். குஜராத்தில் இஷ்ரத் ஜகான் என்கவுன்டர் வழக்கை விசாரித்த ஐ.பி.எஸ். அதிகாரி சதீஷ் வர்மாவை, ஊடகத்திடம் பேசினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 2022-ல், ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேலையை விட்டே நீக்கினார்கள்.

இங்கே வேலூர்க் கோட்டையில் நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன், முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் வெள்ளை அதிகாரியிடம் போய் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது என்றார். அதிகாரி, விசாரியுங்கள் என்று இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் சிலர் அந்தத் திட்டத்திலேயே இருந்தவர்கள். முஸ்தபா பேக்குக்குப் பைத்தியம் என்று முடிவு சொன்னார்கள். அவர் விலங்கோடு அடைக்கப்பட்டார். புரட்சி செய்தவர்களை நாம் மதிக்கிறோம், காட்டிக்கொடுத்தவரை மதிப்பதில்லை. அது வேறு விஷயம். நான் பார்ப்பது விசாரணை நடந்த முறையை. யார் மீது புகாரோ அவர்களிடமே கோப்பு திரும்பிப் போனால் புகார் சொன்னவர்தான் குற்றவாளி ஆவார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம் ஏற்பாடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். பிகாரின் கயாவில் 2003 நவம்பர் 27 அன்று பொறியாளர் சத்யேந்திர துபே சுட்டுக் கொல்லப்பட்டார். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தவர். அந்தக் கொலை நாட்டை உலுக்கிய பிறகு, 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்து, ஊழலை வெளிப்படுத்துவோரின் புகாரை மத்திய விஜிலன்ஸ் ஆணையம் வாங்கலாம் என்றது. அது மத்திய அரசு ஊழியர்கள், நிறுவனங்கள் பற்றிய புகார்களுக்கு. தமிழ்நாட்டுக் காவலர் தன் மாவட்ட அதிகாரி மீது அங்கே போக முடியாது.

பிறகு வந்ததுதான் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம். 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். மாநில அரசு ஊழியர்களும் அதற்குள் வருகிறார்கள். ஊழல் மட்டுமல்ல, அதிகாரத்தை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்துவதும், அரசு ஊழியர் செய்த குற்றமும் புகாருக்கு உரியவை. காவலில் அடித்தாலும் இந்தச் சட்டத்தின்படி புகார் தரலாம். அதில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது. என்னைப் பழிவாங்குகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், இது பழிவாங்கல் இல்லை என்று நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். புகார் தந்தவரின் பெயரை வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை. நல்ல சட்டம். ஆனால் நடைமுறைக்கு வரும் நாளை மத்திய அரசு அறிவித்தால்தான் அதற்கு உயிர் வரும். அறிவிக்கவே இல்லை. அதைச் சுருக்கும் திருத்த மசோதா ஒன்று 2015-ல் மக்களவையில் நிறைவேறி, பிறகு காலாவதி ஆனது.

பெயரை மறைப்பது ஏன் உயிர் விஷயம் என்று வாணியம்பாடிக்குத் தெரியும். 2021 செப்டம்பர் 10 மாலை, முன்னாள் நகர்மன்ற உறுப்பினர் வசீம் அக்ரம் பள்ளிவாசல் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா விற்பவர்களைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் தந்தார் என்ற ஆத்திரமே காரணம் என்று வழக்கில் சொல்லப்பட்டது. சாதாரணக் குடிமகன் தந்த தகவலே இப்படிக் கசியும் ஊரில், காவலர் தன் மேலதிகாரி மீது தரும் மனு எத்தனை கைகள் மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாநில அளவில் என்ன இருக்கிறது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலத்திலும் மாவட்டத்திலும் சுதந்திரமான காவல்துறைப் புகார் ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், டி.ஜி.பி. அதில் உறுப்பினர். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர், எஸ்.பி. அதில் உறுப்பினர். எஸ்.பி. அலுவலகத்தின் மீது புகார் தரும் காவலர், எஸ்.பி. உட்காரும் மேசைக்கே மனுவைக் கொண்டுபோக வேண்டும். இதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டதில் வியப்பில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை விஜிலன்ஸ் ஆணையரின் கீழ் இயங்கினாலும், அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் காவல்துறையிலிருந்து அயல்பணியில் போனவர்கள்தான். சில ஆண்டுகளில் அவர்கள் தாய்த்துறைக்கே திரும்ப வேண்டும்.

பிரிட்டனிலும் முதலில் காவலர்களை விட்டுவிட்டார்கள். 1998-ல் அங்கே பொதுநலன் கருதி உண்மை சொல்லும் ஊழியரைக் காக்கச் சட்டம் வந்தது. காவலர்கள் அதற்குள் வந்தது 2004-ல். இன்று அங்கே ஒரு காவலர், உண்மை சொன்னதால் எனக்குத் தீங்கு செய்தார்கள் என்று தன் துறை மீதே வேலைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கலாம். நியூயார்க்கில் சக போலீசாரின் லஞ்சத்தை வெளியே சொன்ன ஃபிராங்க் செர்பிகோ 1971 பிப்ரவரியில் ஒரு சோதனையின்போது முகத்தில் சுடப்பட்டார். பிழைத்து, அந்தப் போலீஸ் ஊழலை விசாரித்த நாப் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். அமெரிக்காவில் இன்று இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் கேட்பவை மூன்று: சட்டம் காக்கும் வகையான உண்மையைச் சொன்னீர்களா, அதன்பின் உங்களுக்கு வேலையில் தீங்கு நேர்ந்ததா, முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா?

நமக்குத் தனிச் சட்டம் கையில் இல்லாவிட்டாலும் அந்த மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நம் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போதும் கடைசியில் வழக்கு நிற்பது அவற்றின் மேல்தான். மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் தோற்பார்கள். ஏனென்றால் எந்த ஆணையிலும் ‘புகார் சொன்னதற்காக’ என்று எழுதியிருக்காது. தேதிகளின் வரிசைதான் அதைப் பேச வேண்டும். மார்ச் 3 அன்று புகார், மார்ச் 10 அன்று இடமாற்றம், பன்னிரண்டு ஆண்டில் வராத மெமோ அந்த மாதத்தில் மட்டும் நான்கு என்றால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். குற்றச்சாட்டு முதலில் வந்து, அதிலிருந்து தப்பப் புகார் பிறகு வந்திருந்தால் அதையும் அதே தேதிகள் காட்டிவிடும்.

ஆகவே எதையும் எழுத்தில் வையுங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால் நேரத்தோடு உங்கள் சொந்தக் குறிப்பில் எழுதுங்கள். நிலையப் பொது நாட்குறிப்பில் எழுத வாய்ப்பிருந்தால் அதிலும் எழுதுங்கள். அரசு ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதுவே உங்கள் மேல் வழக்காகும். எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தால் போதும், நீதிமன்றம் வரவழைக்கும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. சரியான நாளும் நேரமும் தெரிந்தால்தான் அந்தப் பதிவைக் கேட்க முடியும்.

புகாரை முதலில் முறையான வழியில் மேலே அனுப்புங்கள். ஆம்பூர்க் காவலருக்கு அது டி.எஸ்.பி., திருப்பத்தூர் எஸ்.பி., வேலூர் சரக டி.ஐ.ஜி., வடக்கு மண்டல ஐ.ஜி. என்று போகும். யார் மீது புகாரோ அவருக்கு ஒரு படி மேலே உள்ளவருக்குப் பதிவுத் தபாலில் நகல் போகட்டும், ரசீது வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். பத்திரிகையும் வாட்ஸ்அப் வீடியோவும் வேண்டாம். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் நடத்தை விதி என்ற ஆயுதத்தை நீங்களே எதிரியின் கையில் கொடுத்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் சொன்னதைப் பத்திரிகை வெளியிட்டால் அது வேறு.

விஷயம் காவலில் நடந்த மரணம் என்றால் வழி கொஞ்சம் நேரானது. நீதித்துறை நடுவரின் விசாரணை கட்டாயம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதாவது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அது பிரிவு 196. அங்கே போய்ப் பேசுங்கள். காவலில் அடித்துக் காயப்படுத்தினார்கள், ஆனால் உயிர் போகவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, நடந்து ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். சாட்சிக்கு ஆபத்து என்றால் 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்யலாம். புதிய சட்டத்தின் பிரிவு 398, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தருவது மறுபடியும் ஒரு டி.எஸ்.பி.தான் என்பது இதன் பலவீனம். ஆகையால், மிரட்டுவது யார் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதி, வேறு மாவட்ட அதிகாரியின் அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள்.

தண்டனை ஆணை வந்துவிட்டால் கையில் கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதுங்கள், மேல்முறையீட்டுக் கெடு அன்றே ஓடத் தொடங்குகிறது. இடமாற்றத்தில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. ஆனால் தண்டனைக்குப் பதிலாக இடமாற்றம் செய்தால் அது செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணியிடை நீக்கத்துக்கு அஜய் குமார் சௌத்ரி வழக்கு உதவும். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராவிட்டால் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்பது 2015-ன் அந்தத் தீர்ப்பு. பணிநீக்கம் என்றால் அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவின்படி முறையான விசாரணை வேண்டும். மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால் இந்த வழக்குகள் நேரே உயர்நீதிமன்றத்துக்குப் போகின்றன. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைக் காவலர்களுக்கு அது சென்னை அமர்வு. மனுவில் ஒன்றை மறக்கவே கூடாது. இன்ன அதிகாரி பழிவாங்கினார் என்று சொன்னால் அவரைப் பெயரோடு எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பதவியை மட்டும் சேர்த்தால் உள்நோக்கம் என்ற வாதத்தை நீதிமன்றம் கேட்காது. இங்கேதான் பலர் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. வழக்கறிஞர் கட்டணம், சென்னைக்கு அலைச்சல், தீர்ப்பு வரும்வரை அதே அதிகாரியின் கீழ் வேலை.

இத்தனையையும் ஒரு சாதாரணக் காவலர் தனியாகச் சுமக்க வேண்டியிருப்பதுதான் என் மனக்குறை. சங்கம் இல்லை, தனிச் சட்டம் இல்லை, துறைக்கு வெளியே கேட்கும் காது இல்லை. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை அரசு 1979-லேயே ஒழித்தது. 2022-லும் சென்னை உயர்நீதிமன்றம் அதை நான்கு மாதத்துக்குள் முழுக்க ஒழியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் அதிகாரி வீட்டில் துணி துவைத்த காவலர்களில் எத்தனை பேர் எழுதிப் புகார் தந்திருக்க முடியும்?

தமிழ்நாடு அரசு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 2013 சட்டத்தைத் திருத்தி, புகார் ஆணையங்களின் தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்குக் கொடுக்கலாம், எஸ்.பி.யையும் டி.ஜி.பி.யையும் அந்த மேசையிலிருந்து எழுப்பலாம். புகார் தந்த காவலரை ஆணையத்தின் அனுமதியில்லாமல் ஓராண்டுக்கு இடம் மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். டெல்லி செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது. 2014-ல் ஒப்புதல் பெற்ற சட்டத்துக்கு ஒரு தொடக்கத் தேதியை அரசிதழில் அச்சிட வேண்டும். வேலூருக்கும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உண்டு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் உண்டு. அடுத்த முறை அவர்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது இந்த இரண்டையும் கேளுங்கள்.